எண்ணும் எண்ணெயும்

இரண்டு டின்களை அருகருகே வைத்துத் தொடங்குவோம். இரண்டின் முகப்பிலும் ‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்ற சொல், 5டபிள்யூ-30 என்ற எண். பின்புறத்தைத் திருப்பினால், ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ.வின் ஏ5/பி5 தரம் ஒன்றில். சி3 தரம் மற்றதில். கடைக்காரர் இரண்டையும் ஒரே தட்டில்தான் அடுக்குகிறார். வாங்குபவரும் எது மலிவு என்றுதான் பார்க்கிறார். ஆனால் என்ஜினுக்குள் இவை நடந்துகொள்ளும் விதம் வேறு வேறு. இந்த வேறுபாட்டை முகப்பு எண்ணும் சொல்வதில்லை, ரசிகர்கள் விரும்பிப் படிக்கும் சேர்மான அட்டவணையும் சொல்வதில்லை. என்ஜின் ஆயிலைத் தரம்பிரிக்க நாம் பழகியிருக்கும் அளவுகோல்களையே முதலில் தரம்பிரிக்க வேண்டியிருக்கிறது.

எண்ணுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. 1911இல் தொடங்கிவைத்த பாகுநிலைப் பகுப்பு, இன்று ஜே300 என்ற ஆவணமாக நிற்கிறது. 5டபிள்யூ என்றால், −30 டிகிரியில் ஸ்டார்ட் செய்யும்போது எண்ணெயின் பாகுநிலை 6,600 மில்லிபாஸ்கல்-செகண்டைத் தாண்டக் கூடாது; −35இல் பம்ப் அதை இழுக்க முடிய வேண்டும். 30 என்றால், 100 டிகிரியில் 9.3 சென்டிஸ்டோக்குக்குக் குறையாமலும் 12.5ஐ எட்டாமலும் இருக்க வேண்டும். அளந்து சரிபார்க்கக்கூடிய வரையறை, எந்த பிராண்டுக்கும் சலுகை காட்டாதது. இதுவரை குறையில்லை.

குறை அடுத்த அளவையில் இருக்கிறது. 100 டிகிரி அளவை, எண்ணெய் தன் எடையால் ஒரு கண்ணாடிக் குழாயில் இறங்கும் வேகத்தைக் காண்பது. கிராங்க் பேரிங்கில் எண்ணெய் அப்படிச் சாவகாசமாக இறங்குவதில்லை. அங்குள்ள நிலையைப் போலச் செய்வதற்காகத்தான் 150 டிகிரி வெப்பத்திலும், விநாடிக்குப் பத்து லட்சம் என்ற நறுக்கு வீதத்திலும் பாகுநிலையை அளக்கிறார்கள். எச்.டி.எச்.எஸ். எனப்படும் இந்த மதிப்பு 30 கிரேடுக்கு 2.9 மில்லிபாஸ்கல்-செகண்டுக்குக் குறையக் கூடாது என்கிறது ஜே300. மேல் எல்லையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள்தான் நம் இரண்டு டின்களும் பிரிகின்றன. ஏ5/பி5 எண்ணெய் 2.9க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். சி3 எண்ணெய் 3.5க்குக் கீழே இறங்கக் கூடாது. 5டபிள்யூ-40க்கு ஜே300 விதிக்கும் குறைந்தபட்ச மதிப்பும் அதே 3.5தான். ஆக, பேரிங்கின் பார்வையில் சி3 தரத்து 30 எண்ணெய்க்கு நெருங்கிய உறவு 40. தன் பெயரையே தாங்கிய மற்ற 30 அதற்குத் தூரத்து உறவு. ஒரே கிரேடுக்குள் இருக்கும் இடைவெளி இரு கிரேடுகளுக்கு இடையே இருப்பதைவிடப் பெரிதாகலாம் என்றால், கிரேடைத் தரச்சான்றாக வாசிப்பது முறைப்பிழை. அது செருப்பின் அளவைப் போன்றது: காலுக்குப் பொருந்துமா என்று சொல்லும், தோலின் தரத்தைச் சொல்லாது.

டபிள்யூவுக்கு முன்னுள்ள எண்ணைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. மார்கழி விடியலிலும் சென்னையில் எந்த என்ஜினும் −30ஐக் காணப்போவதில்லை. ஆகவே 0டபிள்யூவுக்கும் 5டபிள்யூவுக்கும் அதிக விலை கொடுப்பது வீண் என்று வாதிடுவோர் உண்டு. பாதி உண்மை. குளிரில் இளகியும் சூட்டில் கெட்டியாகவும் இருக்க வேண்டுமானால், நல்ல அடிப்படை எண்ணெய் வேண்டும், அல்லது பாலிமர் கலக்க வேண்டும். சூட்டில் விரிந்து எண்ணெயைக் கெட்டிப்படுத்தும் பாலிமர், பேரிங்கின் நெருக்கடியில் நீட்டிப் படுத்துக்கொள்ளும். கியரின் பற்களுக்கிடையே சிக்கினால் துண்டாகியே போகும். என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயில் ஓடும் பைக்குகளில், 50 என்று ஊற்றியது சில ஆயிரம் கிலோமீட்டரில் 40 ஆகிவிடுவது இதனால்தான். ஆகவே இரு எண்களுக்கும் இடையிலான தூரத்தைப் பெருமையாகக் கொள்ளுமுன், அது எதனால் எட்டப்பட்டது என்று கேட்க வேண்டும்.

‘சிந்தெடிக்’ என்ற சொல் அந்தக் கேள்விக்கு விடையாக இருந்த காலம் ஒன்று உண்டு. மொபில் 1 சந்தைக்கு வந்த 1970களில் அது ஆலையில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டிய பி.ஏ.ஓ., எஸ்டர் என்ற அடிப்படை எண்ணெய்களைக் குறித்தது. 1990களின் பிற்பகுதியில் காஸ்ட்ரால், தன் சின்டெக் எண்ணெயில் பி.ஏ.ஓ.வுக்குப் பதிலாக, கச்சா எண்ணெயை ஹைட்ரஜனால் கடுமையாகப் பதப்படுத்திய மூன்றாம் குழு எண்ணெயை வைத்தது. மொபில் முறையிட்டது. அமெரிக்க விளம்பரத் துறையின் தேசிய விளம்பரப் பிரிவு 1999இல் காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்பளித்தது. சொல்லின் நேர்மைக்கு அது இழப்பு. பொருளின் தகுதிக்கு அவ்வளவு இழப்பில்லை: இன்றைய நல்ல மூன்றாம் குழு எண்ணெய் பி.ஏ.ஓ.வை வெகுவாக நெருங்கிவிட்டது. பி.ஏ.ஓ. குளிரில் முந்தும், சூட்டில் குறைவாக ஆவியாகும். ஆனால் சேர்மானங்களைக் கரைப்பதில் அதற்குச் சோம்பல்; ரப்பர் சீல்களைச் சுருக்கும் குணமும் உண்டு. அதைச் சரிசெய்ய எஸ்டர் கலக்கிறார்கள். எஸ்டரோ உலோகப் பரப்பில் ஒட்டிக்கொள்ள விரும்புவது. அதே பரப்பில் இடம் பிடிக்க வேண்டிய தேய்மானத் தடுப்பியோடு போட்டியிடுகிறது. ‘எஸ்டர் கலந்தது’ என்பதை மட்டும் புகழாகக் கொள்ளும் விமர்சனம் இந்தப் போட்டியைக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தத் தேய்மானத் தடுப்பிதான் இசட்.டி.டி.பி. துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் கொண்ட இந்தச் சேர்மம் 1940களிலிருந்து என்ஜின்களைக் காத்துவருகிறது. இதற்கு முழு மாற்று இன்னும் வரவில்லை. ஆனால் பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வெர்டரை நஞ்சூட்டும். அதனால் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ. அதை 0.06 முதல் 0.08 சதவீதத்துக்குள் கட்டிவைத்திருக்கிறது. கால்சியத்தின் கதையும் இதேதான். கசடைக் கழுவி அமிலத்தை முறிக்கும் அது, டர்போ நேரடி ஊசி பெட்ரோல் என்ஜின்களில் குறைவேகத்தில் முன்கூட்டியே தீப்பற்றும் கோளாறைத் தூண்டுவதாகத் தெரிந்தது. அதைத் தடுக்க 2018இல் எஸ்.என். பிளஸ், 2020இல் எஸ்.பி. என்று ஏ.பி.ஐ. தரங்கள் வந்தன. கால்சியத்தின் ஒரு பங்கை மக்னீசியம் எடுத்துக்கொண்டது.

இந்த வரலாறு தெரிந்தும், நிறமாலைமானியில் புது எண்ணெயைச் சோதித்து, மாலிப்டினம் இவ்வளவு, போரான் இவ்வளவு என்று அட்டவணையிட்டு, அதிகம் உள்ளதற்கு முதலிடம் தரும் பழக்கம் நீடிக்கிறது. கருவி எண்ணுவது தனிமங்களை. கால்சியம் சல்ஃபோனேட்டிலிருந்து வந்ததா சாலிசிலேட்டிலிருந்து வந்ததா என்பது அதற்குத் தெரியாது. சாம்பல் தராத கரிமச் சேர்மானங்கள் அதன் கண்ணுக்கே படாது. சாம்பலைக் கிளறி விறகு எந்த மரம் என்று சொல்லும் வேலை இது. ஓடிய எண்ணெயில் இரும்பு எவ்வளவு ஏறியது என்று காண அதே கருவி மிகவும் பயன்படும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சுழலும் வளையத்தில் பேரிங்கை அழுத்திக் காட்டும் கடைவாசல் வித்தைக்கு அந்தச் சலுகையும் கிடையாது: குளோரின் சேர்மம் கலந்த திரவம் அங்கே எளிதாக வெல்லும், என்ஜினுக்குள் அரிக்கும்.

நம்பத்தக்க அளவுகோல், முழுக் கலவையை ஓடும் என்ஜினில் வைத்துப் பார்ப்பதுதான். மெர்சிடிஸ் 229.51, ஃபோக்ஸ்வாகன் 504.00/507.00 போன்ற ஒப்புதல்கள் அப்படிப் பெறப்படுபவை. இங்கேயும் வாசிப்பில் கவனம் வேண்டும்: ‘ஒப்புதல் பெற்றது’ என்று அச்சிடுவது ஒன்று, ‘தேவைகளைப் பூர்த்தி செய்யும்’ என்று அச்சிடுவது வேறொன்று. இரண்டாவது, நிறுவனம் தனக்குத் தானே எழுதிக்கொண்ட சான்றிதழ்.

இனி டின்களுக்குத் திரும்பலாம். மெல்லியது பலவீனம் என்பது மெக்கானிக்கின் முன்முடிவு. மெல்லியதே நவீனம் என்பது விளம்பரத்தின் முன்முடிவு. 0டபிள்யூ-20க்கென்றே வடிவமைத்த என்ஜினில் அதை ஊற்றுவதில் பிழையில்லை. ஏ5/பி5 எரிபொருளைச் சற்று மிச்சப்படுத்தும். கையேடு பெயர் சொல்லிக் கேட்கும் என்ஜினுக்கு மட்டுமே அது உரியது. துகள் வடிகட்டி பொருத்திய டீசலுக்கும், பேரிங்குக்கு 3.5ஐக் கேட்கும் ஐரோப்பிய என்ஜினுக்கும் சி3யே என் தேர்வு. வடிகட்டி இல்லாத பழைய காருக்கு ஏ3/பி4 தரத்து 5டபிள்யூ-40 மேல். ஈரக் கிளட்ச் உள்ள பைக்குக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். உராய்வுக் குறைப்பிகள் கிளட்சை வழுக்கவிடும். அதற்கு ஜப்பானிய ஜாசோவின் எம்.ஏ.2 தரம் இருக்கிறது.

சி3யையும் குறை சொல்லாமல் விடுவதற்கில்லை. சாம்பலை 0.8 சதவீதத்துக்குள் அடக்கியதற்கு அது காரத்தன்மையில் விலை கொடுத்திருக்கிறது: ஏ3/பி4க்குக் குறைந்தபட்சம் 10 என்றிருக்கும் மொத்தக் கார எண் இதற்கு 6 போதும். கந்தகம் மிகுந்த எரிபொருளில் அந்தச் சேமிப்பு விரைவில் கரையும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான் என்பதால் இன்று அந்தக் குறை பெரிதும் தணிந்திருக்கிறது. ஆனாலும் நெரிசலில் பாதி நாள் நின்றே ஓடும் காரில், கையேடு சொன்ன கிலோமீட்டருக்கு மேல் அதை நீட்ட நான் ஒப்பமாட்டேன்.