இருமலில் யார் ஃபர்ஸ்ட் ராங்க்?

அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. அதைப் பத்தி அவர் இன்னைக்கும் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: மயக்கம் தெளிஞ்சும் தெளியாமலும் இருந்தப்போ வந்த இருமல். வயித்தைப் பிடிச்சுக்கிட்டே இருமினாராம். இப்போ இன்னொரு பக்கமும் இறங்கியிருக்கு, அடுத்த மாசம் மறுபடி ஆபரேஷன். அதனாலதான் இந்த ஆய்வைத் தேடிப் படிச்சேன்.

2020-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் அனஸ்தீசியாவில் வந்தது. முழு மயக்கத்திலிருந்து எழும்போது வரும் இருமலை எந்த மருந்து நன்றாகக் குறைக்கிறது என்று 70 ஆய்வுகளை, 5286 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். போட்டியில் இருந்தவை டெக்ஸ்மெடெடோமிடின், ரெமிஃபென்டனில், ஃபென்டனில், அப்புறம் பல வழிகளில் கொடுக்கப்படும் லிடோகெய்ன். எல்லாமே பலன் தந்திருக்கின்றன. மிதமான, கடுமையான இருமலைக் குறைப்பதில் டெக்ஸ்மெடெடோமிடின் முதலிடம்.

எனக்கு இடிப்பது அந்த 'முதலிடம்'தான்.

இந்த முறையில் எல்லா மருந்துகளும் நேருக்கு நேர் மோதியிருக்க வேண்டியதில்லை. 'அ' வெறும் உப்புநீரை ஜெயித்தது, 'ஆ'வும் வேறொரு ஊரில் உப்புநீரை ஜெயித்தது, எவ்வளவு வித்தியாசத்தில் என்பதை வைத்து அ-வையும் ஆ-வையும் ஒப்பிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் ரெண்டு ஊரிலும் ஆட்டம் ஒன்றாக இருக்கணுமே? டெஸ்ஃப்ளூரேன் வாயுவில் மயங்கியவர் எழும்போது இருமுவதும், புரொபோஃபாலில் மயங்கியவர் இருமுவதும் ஒன்றில்லை. புகை பிடிப்பவர் தொண்டை தனி. 'மிதமான இருமல்' என்பதையும் பக்கத்தில் நிற்பவர் பார்த்துத்தான் சொல்லணும். டெக்ஸ்மெடெடோமிடின் நாடித்துடிப்பைக் குறைக்கும். மானிட்டரைப் பார்த்தாலே எந்த மருந்து போயிருக்கு என்று அவர் ஊகித்துவிடலாம். போதாக்குறைக்கு, உப்புநீர் கொடுத்தவர்களும் எதுவுமே கொடுக்காதவர்களும் ஒரே எதிரணி.

இதனால் ஆய்வு வீண் என்று சொல்ல வரலை. இருமல் சில்லறை விஷயமில்லை. தைராய்டு ஆபரேஷன் முடிந்தவர் பலமாக இருமினால் கழுத்துக்குள் ரத்தம் கசியலாம். கண்ணிலோ மூளையிலோ கை வைத்திருந்தால் அழுத்தம் ஏறும். அதே சமயம் இருமலை அடியோடு ஒழிக்கவும் கூடாது. சளியும் எச்சிலும் மூச்சுக்குழாயில் இறங்காமல் காப்பதே அதுதான். மூச்சும் குறையாமல், இருமலும் அடங்கி, ஆளும் சீக்கிரம் முழிக்கணும். ரேங்க் போட்டது இருமல் என்ற ஒரே பாடத்துக்குத்தான்.

அப்பா ரத்தக் கொதிப்புக்கு அட்டெனலால் சாப்பிடுகிறவர். நாடி ஏற்கனவே ஐம்பத்தைந்துதான். முதலிடம் வாங்கிய மருந்து அதை இன்னும் இறக்கும், ரத்த அழுத்தத்தையும் சேர்த்து. ரெமிஃபென்டனில் சில நிமிஷத்தில் உடம்பிலிருந்து கழிந்துவிடும், அது வசதி. ஆனால் அளவு மீறினால் மூச்சு மந்தமாகும், பம்ப் வைத்து ஏற்றணும்.

எனக்குப் பிடித்தது லிடோகெய்னின் ஒரு வழி. மூச்சுக்குழாய்க்குள் விடும் ட்யூபின் நுனிக்குச் சற்று மேலே ஒரு குட்டி பலூன் இருக்கும். குழாயில் காத்து கசியாமல் அடைப்பது அதுதான், உறுத்தி இருமல் வரவைப்பதும் அதுதான். அதில் காத்துக்குப் பதில் லிடோகெய்னை நிரப்பினால் மெல்ல மெல்லக் கசிந்து அந்த இடத்தையே மரத்துப்போக வைக்கும். கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் சேர்த்தால் (ஆமாம், ஆப்ப சோடாவேதான், ஊசி மருந்துத் தரத்தில்) சுவரைத் தாண்டி வேகமாக வெளியே வரும். ஒரே குறை, நேரம் எடுக்கும். சின்ன ஆபரேஷன் அதற்குள் முடிந்தே போகலாம்.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்பா, அந்த ட்யூபே விடாம பண்ண முடியாதா?" என்றார்.

70 ஆய்வுகளும் ட்யூப் விட்ட பிறகுதான் ஆரம்பிக்கின்றன. போன தடவை லேப்ராஸ்கோப்பி, அதற்கு வழக்கமாக முழு மயக்கம்தான். திறந்து செய்யும் ஹெர்னியா ஆபரேஷனை முதுகில் ஊசி போட்டு, ஆள் முழித்திருக்கும்போதே பல இடங்களில் செய்கிறார்கள். அப்பாவுக்கு அது சரிவருமா என்று மயக்க மருந்து டாக்டர்தான் சொல்லணும். புதன்கிழமை பார்க்கப் போகிறோம். அட்டெனலால் சீட்டை எடுத்து வைத்தாச்சு.