படத்துக்கு வெளியே

2015 டிசம்பர் முதல் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஜனங்கள் மொட்டைமாடியில் நின்ற படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அவற்றை நான் இன்றும் எடுத்துப் பார்ப்பதுண்டு. பொய்யான படம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அவை உண்மைக் கதையைச் சொல்லிவிட்டன என்று எனக்குத் தோன்றவில்லை. படகில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்குப் பெயர் கிடையாது. அவள் வீட்டுக்குள் அடையாறு வருவதற்கு எந்த ஏரியின் கலங்கல் வழியில் மனை பிரித்து விற்றார்கள் என்பதும் படத்தில் இல்லை. சகதியில் ஊறிய மெத்தைகளைத் தெருவில் இழுத்துப் போட்ட நாட்களைத் தேடினால் அகப்படும் படங்கள் மிகக் குறைவு. தண்ணீரோடு வந்தவர்கள் தண்ணீரோடு போய்விட்டார்கள்.

காமிரா பொய் சொல்லாது என்பார்கள். சொல்லாதுதான். ஆனால் அது சொல்லும் உண்மை ஒரு விநாடிக்குரியது. கதை அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. (இது கதை எழுதுகிறவனின் கட்சி என்று யாராவது சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை.)

நம் நாட்டில் இந்தக் காரியம் பழையது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி படம் எடுத்தார். எலும்பும் தோலுமான மனிதர்களைக் கூட்டமாக உட்கார்த்திவைத்து, விலாவும் முழங்காலும் தெளிவாக விழும்படி எடுத்தவை அவை. அந்தக் காலத்துக் காமிராவுக்கு முன் ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டும். அவர்களுக்கு அசைய வலுவே இல்லை. எடுத்து முடித்ததும் சோறு போடாமல் அனுப்பிவிட்டார் என்ற பழி அவர்மேல் உண்டு. பின்னால் 1886-இல் பர்மாவில், மரண தண்டனையின்போது குண்டு பாயும் கணத்தைப் பிடிப்பதற்காகச் சுடும் உத்தரவைத் தாமதப்படுத்தினார் என்று புகார் எழுந்து, விசாரணையே நடந்தது. அதற்காக ஹூப்பரைத் தூக்கி எறிந்துவிடவும் முடியவில்லை. லட்சம் லட்சமாக மக்கள் மாண்ட அந்தப் பஞ்சத்துக்கு முகம் என்று நமக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அவர் எடுத்த படங்கள்தாம். சங்கடமான விஷயம். அந்தச் சங்கடத்தோடுதான் அவற்றைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான வழியில் போகிறவர் எம். பழனி குமார். மதுரைப் பக்கத்தில் மீன் விற்ற தாயின் மகன். அந்தத் தாயாரையே பல வருஷம் படம் எடுத்தவர். 2017-இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். மலக்குழியில் இறந்தவர்களின் வீடுகளுக்குப் போகிறார். காரியமெல்லாம் முடிந்து, வேறு யாரும் வராத நாட்களிலும் போகிறார். துப்புரவுத் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளின் கையில் காமிராவைக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார். தயானிதா சிங் – பாரி விருது 2022-இல் முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது. அவருடைய படங்கள் எல்லாம் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் கறுப்பும் வெளுப்பும் துக்கத்தை வேண்டியதற்கு மேல் அழுத்திவிடுகின்றன. ஆனால் ஹூப்பரின் படங்களில் இருப்பவர்கள் யாரையும் பார்ப்பதாகத் தெரியவில்லை. பழனி குமாரின் படங்களில் இருப்பவர்களோ, வீட்டுக்கு வந்த தெரிந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை லென்ஸ் மாற்றிச் சம்பாதிக்க முடியாது. பலமுறை போய்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

முடிச்சூருக்கும் அப்படி ஒருவர் வந்தால் தேவலை. மழைக்காலத்தில் அல்ல, பங்குனி வெயிலில். புதிதாக அடித்த சுண்ணாம்பையும் மீறிச் சுவரில் தெரியும் தண்ணீர்க் கோடு, பரண்மேல் ஏற்றிய பள்ளிச் சான்றிதழ்கள், வீட்டை விற்கவும் முடியாமல் இருக்கவும் பயந்து காலம் தள்ளும் வீட்டுக்காரர். படத்துக்குக் கீழே அவருடைய பெயரைப் போடலாமா என்று முதலில் அவரையே கேட்டுக்கொள்ளட்டும்.