1,846 படமும் ஒரு சாயாவும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகப் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. டம்ளரைக் கட்டாகத் தூக்கித் தராசில் வைத்துத்தான் எங்களுக்குப் பழக்கம். ஒன்றே ஒன்று கேட்டு வருகிறவரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுவோம். அப்படிப்பட்ட நான், கேமராவில் எடுத்த படங்களை மட்டும் ஏழு வருடமாக ஒவ்வொன்றாகத் திறந்து, சிறிதாக்கி, மூடிக்கொண்டிருந்தேன். மொத்தக்கடைக்காரன் வீட்டுக்குள் சில்லறை வியாபாரம்! அந்தக் கேவலம் போன நவராத்திரியோடு ஒழிந்தது. ஒழித்த மென்பொருளின் பெயர் இர்ஃபான்வியூ. இதைப் பற்றி யாரிடமாவது வாய் ஓயாமல் பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நவராத்திரி என்றால் எங்களுக்குக் கொலுவுக்கு முன்னால் ஊர்வலம்தான். பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை மூவரும் எல்லை தாண்டி நடந்தே திருவனந்தபுரம் வருவார்கள். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்த காலத்து வழக்கம். 1956இல் அந்த மண் தமிழ்நாட்டுக்குப் போனது, சாமிகள் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. வந்ததும் குமாரசுவாமிக்கு ஆரியசாலையில்தான் இருப்பு. எங்கள் கடையிலிருந்து வெற்றிலை மென்று துப்புவதற்குள் போய்விடலாம். கரமனையில் காத்து நின்று கோட்டை வரை கூடவே நடந்து நான் எடுத்த படங்கள், பிறகு ஒன்பது நாளும் சாலைக் கடைகளில் எடுத்தவை, எல்லாம் சேர்த்து 1,846. ஷட்டரை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும் வியாதி எனக்கு உண்டு.

ஒவ்வொரு படமும் 6,000க்கு 4,000 புள்ளி. அதாவது 2 கோடியே 40 லட்சம் புள்ளி. கோப்பு ஒன்று ஏறக்குறைய 9 எம்பி. மொத்தம் 16 ஜிபிக்கு மேல். கடைத்தெருப் பெரியவர்களுக்கு டிவியில் போட்டுக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கையிலிருந்த பென் டிரைவோ 16 ஜிபி. அண்டாச் சோற்றை அரைப்படிச் செம்பில் கொட்டுகிற கணக்கு.

கொட்ட வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் வேடிக்கை. சாதாரண ஃபுல் ஹெச்டி டிவியில் உள்ள புள்ளிகள் 1,920க்கு 1,080. சுமார் 20 லட்சம். நான் அனுப்பும் 2 கோடியே 40 லட்சம் புள்ளியில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது காட்டாது. மீதி எல்லாம் சுமைகூலி. படத்தின் நீளப் பக்கத்தை 1,920 ஆக்கினால் அகலம் 1,280 வரும், கோப்பு அரை எம்பிக்குச் சற்று மேலே நிற்கும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

இந்தக் கணக்கு எனக்கு முன்பே தெரியும். செய்த விதம்தான் வினை. படம் வரையும் ஒரு பழைய மென்பொருளில் திறப்பேன், அளவை அடிப்பேன், சேமிப்பேன். ஒன்றுக்கு 40 நொடி. 1,846க்கு இருபதரை மணி நேரம்! அதிலும் முதல் நாள் நீளத்தையும் உயரத்தையும் தனித்தனியாக அடித்து, ஊர்வலத்து வெள்ளிக் குதிரை ஆட்டுக்குட்டி உயரத்துக்கு அமுங்கிப்போனது. போதாததற்கு அதே பெயரில் சேமித்து அறுபது மூலப் படங்களைத் தொலைத்தேன். அந்த அறுபதும் இனி வராது. இப்போது எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சி மகன் கேட்டான்: "மாமா, கடையில டம்ளர ஒண்ணொண்ணாவா விக்கிறீங்க?"

அவன் கேரள அரசுப் பள்ளியில் படித்தவன். இங்கே பள்ளிக் கணினிகளில் லினக்ஸ்தான். கிம்ப் மென்பொருளில் படம் திருத்துவது பாடத்திலேயே உண்டு. அரசு வேலைக்கான பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்கு 150க்கு 200 புள்ளி, 30 கேபிக்குள் படம் வேண்டும் என்று ஃபோட்டோஸ்டாட் கடை வாசலில் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்கிற ஊர் இது. படத்தைச் சுருக்குவது இங்கே ஜீவனோபாயம். அவன் தன் மடிக்கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தான். இமேஜ்மேஜிக் என்றான். 1987இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜான் கிறிஸ்டி என்பவர் எழுதத் தொடங்கியதாம், இன்றும் இலவசம். அந்த ஒரு வரிக்கு ஒரு ஃபோல்டரே சுருண்டுவிட்டது. வாயைப் பிளந்தேன். ஆனால் அதில் மாக்ரிஃபை என்ற கட்டளைக்கு வேறு இடம் காட்டாவிட்டால் மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும் என்று அவன் சொன்னதும், அறுபதைப் பறிகொடுத்தவன் கையெடுத்துக் கும்பிட்டேன். "சரி, உங்களுக்கு எலி பிடிச்சு அழுத்துற மாதிரி ஒண்ணு தாரேன்" என்று என் கணினியில் இர்ஃபான்வியூவைப் போட்டான்.

சில எம்பிதான் அது. இறங்கி முடிவதற்குள் கொட்டாவி கூட வராது. முகப்பில் ஒரு சிவப்புப் பூனை, வண்டி ஏறினது போல நசுங்கிக் கிடக்கிறது. (ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கு அந்தப் பூனையும் பிடித்துப்போயிற்று.) போஸ்னியாவின் யாய்ட்சே ஊரில் பிறந்து வியன்னாவில் படித்த இர்ஃபான் ஸ்கில்யான் என்ற தனி ஆள் 1996இல் வெளியிட்டது, தன் பெயரையே கடைப்பெயராக வைத்துவிட்டார். சாலைக்காரனுக்கு இது எவ்வளவு சொந்தமாகத் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள்! இங்கே பாதிப் பலகைகளில் கடைக்காரர் பெயர்தானே. வீட்டு உபயோகத்துக்கு இலவசம், தொழிலுக்கு என்றால் உரிமம் வாங்க வேண்டும். கடை விலைப்பட்டியல் படங்களுக்கும் அதையே பயன்படுத்த ஆரம்பித்த அன்றே வாங்கிவிட்டேன். இவ்வளவு உழைப்புக்குக் காசு கொடுக்காவிட்டால் ராத்திரி தூக்கம் வருமா?

இனி 'பி' என்ற விசை. இர்ஃபான்வியூவைத் திறந்து, விசைப்பலகையில் பி எழுத்தை ஒரு தட்டு. அவ்வளவுதான், மொத்த வியாபாரத்தின் கதவு திறக்கிறது. வலப்பக்கம் ஃபோல்டரைக் காட்டி 'ஆட் ஆல்' என்றால் 1,846 படமும் பட்டியலில் வந்து உட்காரும். இடப்பக்கம் 'அட்வான்ஸ்டு' என்ற பொத்தானுக்குள் 'செட் லாங் சைடு' என்று ஓர் இடம்: நீளப் பக்கம் எதுவானாலும் 1,920 ஆக்கு. நின்ற படம், படுத்த படம் என்று நான் பிரிக்க வேண்டியதில்லை. விகிதத்தைக் காப்பாற்றும் கட்டத்தில் டிக் போட்டால் குதிரை குதிரையாகவே இருக்கும். ஏற்கெனவே சிறிய படங்களை ஊதிப் பெரிதாக்காதே என்றும் ஒரு டிக். இதை யோசித்து வைத்த மனிதரை என்ன சொல்லிப் புகழ்வது! கடைசியாக எந்த ஃபோல்டரில் வைக்க என்று கேட்கும். புது ஃபோல்டர், புது ஃபோல்டர், புது ஃபோல்டர். மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

தொடங்கு என்று அழுத்திவிட்டு எதிர்க்கடையில் சாயா சொன்னேன். ஆற்றிக் குடித்து, அரசியல் பேசி, திரும்பி வந்தால் முடிந்திருந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. 16 ஜிபி சொச்சம் 1 ஜிபி சொச்சமாகியிருந்தது. அந்தத் திரையைப் பார்த்து நான் சிரித்ததில் தராசுக்காரப் பையன் பயந்துவிட்டான்.

தரம் போய்விடுமே என்பார்கள். போகாது, சுருக்கத் தெரிந்து சுருக்கினால். மூன்றில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிகிற முரட்டு வழி ஒன்று உண்டு. அப்படிச் செய்தால் சாக்குப்பை நெசவிலும் கசவுக் கரையிலும் இல்லாத அலை அலையான கோடுகள் முளைக்கும். அடுக்கிய பித்தளைப் பானைகளின் விளிம்பு ரம்பம்போல் ஆகும். இர்ஃபான்வியூவில் 'ரீசாம்பிள்' என்பதைத் தேர்ந்து லாங்சோஷ் என்று வைத்தால், ஒவ்வொரு புதுப் புள்ளிக்கும் சுற்றியுள்ள பல பழைய புள்ளிகளின் நிறத்தை எடை போட்டுச் சேர்க்கிறது. அருகில் இருப்பதற்கு அதிக எடை, தள்ளி இருப்பதற்குக் குறைவு. தராசுக் கணக்கு, எங்களுக்கா புரியாது? கொர்னேலியுஸ் லாங்சோஷ் என்ற ஹங்கேரிக் கணிதர் பெயரால் வந்த முறை. அவர் 1928இல் ஐன்ஸ்டைனுக்கு உதவியாளராக இருந்தவர். ஐன்ஸ்டைனின் ஆள் வந்து நம் சாலைப் பித்தளைப் பானையைத் துலக்கித் தருகிறார் என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஜேபெக் தரத்தை 85இல் வைத்தேன். 100 வைத்தால் எடைதான் ஏறும், அழகு ஏறாது. வாட்ஸ்ஆப்பும் படத்தைச் சுருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது அதன் இஷ்டத்துக்கு. இங்கே கடிவாளம் நம் கையில்.

சறுக்கலும் உண்டு, என் புத்தியால். பெயர் மாற்றும் வசதியில் 'நவராத்திரி' போட்டு எண்ணுக்கு மூன்று ஹாஷ் குறி வைத்தேன். 999 வரை ஒழுங்கு. ஆயிரத்தைத் தாண்டியதும் டிவி எழுத்து வரிசையில் அடுக்க, 100க்குப் பிறகு 1000 வந்து நின்றது. கரமனையில் யானை வந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று ஆரியசாலைக் கோயில், மறுபடி கரமனை. "சாமி பஸ்ஸுல போயிட்டு வந்துச்சா?" என்றார் வெற்றிலைக்கடை அண்ணாச்சி. நான்கு ஹாஷ் வைத்து மறுபடி ஓட்டினேன், இன்னொரு சாயா. நின்ற படங்கள் டிவியில் படுத்துக் கிடந்ததற்கும் மருந்து உள்ளேயே இருந்தது: கேமரா குறித்துவைத்த எக்ஸிஃப் தகவலைப் பார்த்துத் தானே திருப்பிக்கொள்ளும் ஒரு டிக்.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பாதி சார்த்திவிட்டு டிவியை மேசையில் ஏற்றினோம். ராஜா கேசவதாசன் திவானாக இருந்து ஏற்படுத்திய தெரு இது. இதே தெருவில் கடை நடத்திக்கொண்டே, எழுத்தாளர் ஆ. மாதவன் இங்கே சுமை தூக்கினவர்களையும் ஏமாந்தவர்களையும் ஏமாற்றினவர்களையும் கதைகளில் உட்கார வைத்துவிட்டு 2021இல் போனார். எனக்கு எழுத வராது, அழுத்தத்தான் வரும். அரிசி மூட்டை, பூக்கடை, மிளகாய் நெடியில் தும்முகிற ஆள், பல்லக்குத் தூக்கிகளின் தோள் என்று ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் படத்தைப் பார்க்கவில்லை, ஆளைத் தேடினார்கள். "நிறுத்து, நிறுத்து, அது நம்ம கயிற்றுக்கடைக்காரன் பேரன்தானே!"

எல்லோரும் கலைந்தபிறகு அண்ணாச்சி மட்டும் போகவில்லை. மடியிலிருந்து ஃபோனை எடுத்தார். பேத்தி பிறந்ததிலிருந்து எடுத்தது, நாலாயிரம் இருக்கும், ஃபோனில் இனி இடமில்லையாம். "அழிக்க மனசு வரலடே" என்றார்.

கேபிளைச் செருகி மூலப் படங்களைத் தனியே ஒரு ஃபோல்டரில் ஏற்றினேன். பி எழுத்தை அவர் விரலாலேயே அழுத்தச் சொன்னேன். எதிர்க்கடையைப் பார்த்து இரண்டு சாயாவுக்குக் கை காட்டினேன்.