ஒன்பது கட்டம், ஒரு சிலந்தி

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு கதைப்புத்தகத்தைப் படித்து முடித்ததும் ஆசிரியர்கள் பலர் பிள்ளைகளிடம் ஒரு தாளைத் தருவார்கள். ஒன்பது கட்டம், கட்டத்துக்கு ஒரு வேலை. பிடித்த மூன்றைப் பிள்ளையே தேர்ந்துகொள்ளலாம். 'சாய்ஸ் போர்டு' என்று பெயர். அதை நன்றாக அமைக்க, கதை எழுதுகிறவருக்கு உள்ள அளவு கைத்திறன் வேண்டும்.

இ. பி. வைட் எழுதி 1952இல் வெளிவந்த 'ஷார்லட்ஸ் வெப்' கதையையே எடுத்துக்கொள்வோம். வெட்டுக்குப் போகவிருக்கும் வில்பர் என்ற பன்றியை, ஷார்லட் என்ற சிலந்தி தன் வலையில் புகழ்ச் சொற்களைப் பின்னிக் காப்பாற்றுகிறது. இதற்கு ஒரு நல்ல தாள் எப்படி இருக்கும்? கீழ் வரிசையில் நினைவும் புரிதலும். பண்ணைக் கொட்டகையை வரைந்து யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று குறிக்கலாம். அல்லது, ஒரே சொல்லை மும்முறை இழுத்துச் சொல்லும் அந்தப் பெண்வாத்தின் வாயால் கதையைச் சொல்லலாம். எளிய வேலைதான், ஆனாலும் எவ்வளவு ருசி!

நடுவரிசை பகுத்துப் பார்க்க. அதிசயம் பன்றியல்ல, சிலந்திதான் என்று பண்ணைக்காரரின் மனைவி சொல்லத்தான் செய்கிறார், யாரும் பொருட்படுத்தவில்லை. ஏன்?

மேல் வரிசைக்கு வந்தால் எனக்கு மிகப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. டெம்பிள்டன் எலி குப்பையிலிருந்து விளம்பரத் துணுக்குகளைப் பொறுக்கி வருகிறது. 'மொறுமொறு' என்ற சொல்லை ஷார்லட் தள்ளிவிடுகிறது. படிப்பவர்களுக்கு வறுத்த பன்றிக்கறி நினைவு வந்துவிடுமே! அவ்வாறு ஷார்லட் தள்ளிவிடக்கூடிய இன்னொரு சொல்லைக் கண்டுபிடித்துக் காரணம் சொல்ல வேண்டும். மதிப்பீடும் படைப்பும் அந்த ஒரு வேலையில் கூடிவிடுகின்றன. பெஞ்சமின் புளூமும் கூட்டாளிகளும் 1956இல் வகுத்த சிந்தனைப் படிநிலைகளை 2001இல் திருத்தியவர்கள் படைத்தலை உச்சியில் வைத்ததன் நியாயம் எனக்கு இங்கேதான் விளங்குகிறது.

இனி நுட்பம். தேர்வு மேலிருந்து கீழாகவோ மூலைவாட்டிலோதான் செல்ல வேண்டும் என்று ஒரே ஒரு விதி. எந்தக் கோட்டைப் பிடித்தாலும் மூன்று வரிசையையும் தொட்டே ஆக வேண்டும். பாதை பிள்ளையின் இஷ்டம்; ஆழத்திலிருந்து தப்ப வழியில்லை. மெல்லப் படிக்கிறவனுக்குக் கீழ் வரிசை, கெட்டிக்காரிக்கு மேல் வரிசை என்று பிரித்துக் கொடுக்கும் தாள்கள் எனக்குக் கசப்பவை. தீனித்தொட்டியில் முதல் பங்கு தருவதாக வில்பர் வாக்களித்த பிறகே ஷார்லட்டின் முட்டைப்பையை எடுத்துவர இசைகிற டெம்பிள்டன் நல்லவனா என்ற வழக்கை, எழுதத் தடுமாறும் பிள்ளையும் வாயாலேயே வாதாட முடியும்.

அட்டைப் பெட்டிக்குள் பண்ணை செய்து ஒட்டும் வேலைக்கு நான் இடம் தரமாட்டேன். புத்தகத்தைத் திறக்காமலே அதை முடித்துவிடலாம். நடுக்கட்டத்தை 'உன் யோசனை' என்று காலியாக விடுவதோ துணிச்சலான வேலை. அதை நிரப்ப வரும் பிள்ளையிடம் ஆசிரியர் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: இதைச் செய்து முடித்தால், கதையில் இதுவரை தெரியாத எது உனக்குத் தெரியவரும்?