பருத்த அடியழகு

அடீனியத்தைப் பார்க்க வருபவர்கள் முதலில் பூவில்தான் மயங்குகிறார்கள். மயங்கட்டும். நாம் சற்றுக் குனிந்து, மண்ணை ஒட்டிய இடத்துக்கு வருவோம். தண்டு எங்கே முடிந்தது, வேர் எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் இரண்டும் குழைந்து திரண்டிருக்கும் அந்தப் பருத்த அடியைப் பாருங்கள். வளர்ப்பவர்கள் காடெக்ஸ் என்று செல்லம் கொஞ்சுவது இதைத்தான். சாம்பல் பூத்த வழுவழுப்பான தோல். நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே இளம்பச்சை. கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தென் அரேபியாவிலும் பாறை இடுக்குகளில் வாழ்ந்த செடி, மழையற்ற மாதங்களுக்காக நீரைத் தேக்கி வைத்துக்கொண்ட வடிவம் இது. ஏமனின் சொகோத்ரா தீவில் இதே இனம் மரமாகவே பருத்து நிற்கிறது.

இந்த அடியின் பேச்சு விரலுக்குத்தான் கேட்கும். கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மண் காய்ந்து, தோலில் மெல்லிய சுருக்கம் ஓடி, அடி முழுவதும் ஒரே சீராக நெகிழ்ந்திருந்தால் அது தாகம். வேர் நலமாக இருந்தால், நீர் ஊற்றிய சில நாளில் பழைய இறுக்கம் திரும்பிவிடும். மண் ஈரமாக இருந்தும் ஓரிடம் மட்டும் பழுத்த சப்போட்டாவாக அமுங்கினால் அது அழுகல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னை மொட்டைமாடித் தொட்டிகளை வாட்டும் நோய் அதுதான். இரண்டும் மென்மைதான், ஆனால் எத்தனை நுட்பமான வேறுபாடு! தாகத்தை அழுகல் என்று எண்ணிக் கத்தியை எடுப்பவர்களும் உண்டு, அழுகலைத் தாகம் என்று எண்ணி இன்னொரு குவளை ஊற்றுபவர்களும் உண்டு.

அழுகியதை அறுப்பதிலும் ஒரு கலை இருக்கிறது. பழுப்புச் சதை முழுதும் நீங்கித் தூய வெண்மை தெரியும்வரை கூரிய கத்தி போக வேண்டும். பிறகு நிழலில் காயம் உலர்ந்து இறுகக் காத்திருந்து, மணலும் செங்கல் தூளும் கலந்த, நீர் தங்காத மண்ணில் நட வேண்டும். பிழைத்த செடியில் வெட்டின் விளிம்பிலிருந்து புதுத்தோல் மெல்லச் சுருண்டெழுந்து அந்த வடுவை நெருக்கும். மாசற்ற உருண்டை அடியைவிட, இப்படி வடு ஏந்திய அடிதான் எனக்கு அழகு.

கிளையை நட்டு வளர்த்தால் இந்தத் திரட்சி சரியாக அமையாது. விதைச் செடிக்குத்தான் அது இயல்பாக வரும். அந்த விதையையும் ஒருமுறை பாருங்கள்: சின்னஞ்சிறு குச்சி, அதன் இரு முனையிலும் பட்டுக் குஞ்சம்.

ஒரே இரவில் செடி மொட்டையானால் பதற வேண்டாம். அரளி அந்துப்பூச்சியின் புழு வந்திருக்கிறது. பசுமையான கொழுத்த உடல், தலைக்குச் சற்றுப் பின்னே நீலமும் வெண்மையும் இழைந்த இரண்டு பொய்க்கண்கள், வால் முனையில் குட்டிக் கொம்பு. ஆப்பிரிக்க வேடர்கள் அம்பு நுனிக்கு நஞ்சாக்கிய சாறுள்ள செடியைத்தான் இது விருந்தாக உண்கிறது! திடமான செடி மறுபடி துளிர்த்துவிடும். மருந்தடிக்காமல், பக்கத்தில் அரளி இருந்தால் புழுவை அதில் ஏற்றிவிடலாம் என்பது என் கட்சி.