ஜோ டி குருஸ் நாவல்களில் மரபும் குடும்பமும்

திருச்செந்தூரை உள்ளடக்கிய முத்துக்குளித்துறையின் பரதவர் வாழ்வை அச்சமூகத்தின் உள்ளிருந்தே எழுதியவர் உவரியில் பிறந்த ஜோ டி குருஸ். 'ஆழி சூழ் உலகு' (2004) காட்டும் மரபு, காற்றையும் நீரோட்டத்தையும் கணித்துக் கட்டுமரம் செலுத்தும் தொழிலறிவாகும். குடும்பத்தின் வழியே அது தலைமுறைதோறும் கைமாறுகிறது. கடலில் நேரும் சாவுகளின் சுமையும் அக்குடும்பத்தின் மீதே விழுகிறது.

சாகித்திய அகாதெமி விருது (2013) பெற்ற 'கொற்கை' (2009) தோணித்துறைக்கும் துறைமுக வணிகத்திற்கும் நகர்கிறது. பாண்டியபதியின் தலைமை தளர, பரதவர் தம் துறையிலேயே பிடியை இழக்கின்றனர். இவ்வீழ்ச்சியில் தம் சமூகத்தினரின் பங்கையும் நாவலாசிரியர் மறைக்கவில்லை. மரபைப் போற்றுவதோடு நில்லாமல் அதனை விசாரிப்பதே இந்நாவல்களின் வலிமை எனலாம்.

எனினும் 'கொற்கை'யில் பாத்திரங்களும் செய்திகளும் பெருகுவதால், ஒரு குடும்பத்தின் இழப்பு வாசகர் மனத்தில் ஊன்றுமுன்னரே கதை அடுத்த குடும்பத்திற்குச் சென்றுவிடுகிறது. அவ்வகையில் முந்தைய நாவலே செறிவு மிக்கது.