தோட்டப் பெண்ணும் துணைநின்றோரும்: இரு நூல்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் எழுத்துகளில் பெண்ணின் துயரம் நீங்கா இடம் பெற்றுள்ளது. கணவனின் குடியும் அடியும், மேலாளர்களின் தொல்லையும், விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாயின் அவதியும் கதைகளாகவும் ஆய்வேடுகளாகவும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. ஆனால், அடிபட்ட பெண் அன்றிரவு யார் வீட்டுக்குச் சென்றாள், யார் கதவைத் திறந்தார், மறுநாள் அவள் பிள்ளைகளுக்கு யார் சோறிட்டார் என்னும் வினாக்களை நம் திறனாய்வு அரிதாகவே எழுப்பியுள்ளது. துன்பப்பட்டவளைக் கண்ட நாம் துணைநின்றவரைக் காணத் தவறினோம் எனலாம்.

இக்குறை ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. நெருக்கடியுற்ற பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் தொண்டூழியர்கள் இன்று ஆற்றிவரும் பணி வெளியிலிருந்து வந்த புதுமை என்றும், குடும்பத்தைப் பிரிக்கும் வேலை என்றும் நம்மவரிடையே ஓர் ஐயம் நிலவுகிறது. அவ்வையத்தை அகற்ற வேண்டுமாயின், அப்பணிக்கு நம் தோட்ட வரலாற்றில் உள்ள வேர்களையும் அவ்வேர்களின் குறைகளையும் ஒருங்கே காணவேண்டும். அதன்பொருட்டு அருணிமா தத்தாவின் ‘ஃபிலீட்டிங் ஏஜென்சிஸ்’ (2021) என்னும் வரலாற்று நூலையும், கே.எஸ். மணியத்தின் ‘பிட்வீன் லைவ்ஸ்’ (2003) என்னும் நாவலையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இவ்விரண்டையும் கோல சிலாங்கூர், செரண்டா, சுங்கை சோ முதலிய வட சிலாங்கூர்த் தோட்டப் பகுதிகளை மனத்திற்கொண்டு நாம் வாசிக்கிறோம்.

வழக்கேடுகள் காட்டுவதும் மறைப்பதும்

தத்தாவின் நூல் பிரிட்டிஷ் மலாயாவில் கூலிப்பெண்களாக வந்த இந்தியப் பெண்களின் சமூக வரலாறு. குடியேற்ற ஆவணங்கள், செய்தித்தாள்கள், வழக்குக் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டு, அப்பெண்கள் வெறும் பலியாள்கள் அல்லர் என்பதை அந்நூல் நிறுவுகிறது. கப்பலேறுமுன் டிப்போக்களில் நிகழ்ந்த திருமணங்கள், கணவனை விட்டு வேறொருவருடன் சென்ற பெண்கள், அதன் விளைவாக எழுந்த வழக்குகளும் வன்முறைகளும் அதில் விரிவாக ஆராயப்படுகின்றன. கிடைத்த சிறு வாய்ப்பைப் பயன்படுத்தித் தம் வாழ்வைத் தாமே திருப்பிக்கொள்ளும் ஆற்றலை ஆசிரியர் நிலையற்ற செயலாற்றல் என்னும் கருத்தால் விளக்குகிறார். தோட்டப் பெண்ணைக் கண்ணீர்ப் பதுமையாகவே கண்டு பழகிய நம் ஆய்வுலகிற்கு இது மிகவும் தேவையான திருத்தமாகும்.

எனினும் இந்நூலை முன்வைத்து நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. மனைவியைக் கவர்ந்து சென்றதாகத் தொடுக்கப்படும் வழக்கில் மூவர் மட்டுமே முதன்மை பெறுவர்: முறையிடும் கணவன், சென்ற மனைவி, கவர்ந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவன். அவளுக்குத் திண்ணையில் இடம் கொடுத்த அண்டைவீட்டுக்காரியோ, வழிச்செலவுக்குக் காசு கொடுத்த மூதாட்டியோ சாட்சிக் கூண்டில் ஏற நேர்ந்தாலன்றி ஏட்டில் இடம்பெறுவதில்லை. ஆகவே வழக்கேட்டை முதன்மைச் சான்றாகக் கொள்ளும்போது, பெண்ணின் செயல் அவள் ஒருத்தியின் துணிவாக மட்டுமே தோற்றமளிக்கும். காவலும் கணக்கும் நிறைந்த தோட்டத்திலிருந்து கைக்குழந்தையுடன் ஒருத்தி வெளியேறுவதற்குப் பிறர் கை தேவைப்பட்டிருக்கும் என்பது எளிதில் உணரத்தக்கது. செயலாற்றலைத் தனியொருத்தியின் உடைமையாகக் கொள்ளாமல், பலர் பகிர்ந்துகொண்ட ஒன்றாகக் கொள்வதே பொருந்தும் என்பது நம் கருத்து. இதற்கான சான்றை வாய்மொழி வரலாற்றிலிருந்தே பெரிதும் திரட்ட இயலும்.

அவ்வழக்குகளுக்கு அடிப்படையான சட்டநோக்கும் இங்குக் கருதத்தக்கது. மணமான பெண்ணைத் தகாத உறவு கருதிக் கவர்ந்து செல்வதையும் மறைத்து வைப்பதையும் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவு, குடியேற்ற ஆட்சியின் எச்சமாக மலேசியாவில் நெடுங்காலம் நீடித்தது. கணவன் மட்டுமே அதன்கீழ் முறையிடலாம். மனைவிக்கு அவ்வுரிமை இல்லை. இவ்வேறுபாடு அரசமைப்புக்கு முரணானது எனக் கூட்டரசு நீதிமன்றம் 2023 டிசம்பரில் அப்பிரிவைச் செல்லாததாக்கியது. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கண்ட ஒரு நோக்கு அண்மைக்காலம் வரை ஏட்டில் இருந்தது என்பதை இது காட்டுகிறது. இத்தகைய சூழலில் வீட்டைவிட்டு வந்த பெண்ணுக்கு இடமளித்தவர் ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சியதில் வியப்பில்லை.

1941இன் கோரிக்கைகளும் தொண்டர் படையும்

ஏட்டில் மறைந்த துணையுணர்வு கூட்டுக் கோரிக்கையாக வெளிப்பட்ட தருணமும் உண்டு. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பெரும்பாலும் கூலி உயர்வுப் போராட்டமாகவே நினைவுகூரப்படுகிறது. ஆர்.எச். நாதன் கைதானதும், படை வரவழைக்கப்பட்டதும், தொழிலாளர் உயிரிழந்ததும் பலரும் அறிந்தவை. ஆனால் அதன் கோரிக்கைப் பட்டியலை ஒரு பனுவலாக எடுத்து வாசித்தால் வேறு சில செய்திகளும் புலனாகும். தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் துரைமாரும் அவர்களைப் போல் நடந்துகொண்ட ஆசிய ஊழியரும் முறைகேடாக நடப்பது நிற்கவேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்படவேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துசெல்ல வேண்டும் என்பன அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தன.

உறவினர் வருகை பற்றிய கோரிக்கை பொதுவாகப் பேச்சுரிமை, கூடும் உரிமை ஆகியவற்றுடன் சேர்த்து நோக்கப்படுகிறது. பெண்ணின் நிலையிலிருந்து நோக்கின் அதன் பொருள் விரிகிறது. தாய்வீட்டார் தோட்டத்திற்குள் வர நிருவாகத்தின் இசைவு வேண்டும் என்ற நிலையில், துன்புறும் பெண்ணுக்குத் தோட்டமே ஒரு மூடிய வீடாகிறது. அண்ணனோ மாமனோ வந்து கேட்பான் என்ற அச்சம் கணவனுக்கும் இல்லை, கிராணிக்கும் இல்லை. ஆகவே வாயிலைத் திற என்ற அக்கோரிக்கை, பெண்ணுக்குத் துணை வருவோர்க்கு வழிவிடு என்ற கோரிக்கையுமாகும்.

அதே வேளையில் அப்பட்டியலின் எல்லையையும் சுட்டவேண்டும். துரையின் கை அதில் குற்றமாகப் பெயர் பெற்றது. கணவனின் கை பெயர் பெறவில்லை. போருக்குப் பின் 1946–47ஆம் ஆண்டுகளில் கெடாவில் எழுச்சி பெற்ற தொண்டர் படையும் இவ்வெல்லையைப் பெரிதும் கடக்கவில்லை. கள்ளுக்கடை மறியலில் பெண்களும் பங்கேற்ற அவ்வியக்கம் தோட்டக் குடும்பங்களின் நலனை முன்னிறுத்தியது போற்றத்தக்கதே. ஆயினும் கள் ஒழிந்தால் வீட்டில் அடியும் ஒழியும் என்னும் நம்பிக்கை அதன் அடியில் இருந்தது. குடிக்காத கணவனும் அடிப்பான் என்பதை ஏற்க நம் சமூகத்திற்கு மேலும் பல்லாண்டுகள் தேவைப்பட்டன.

உதவ வந்தவர் யார்?

உதவுபவரை மையமாக்கிய படைப்பு என்ற வகையில் மணியத்தின் ‘பிட்வீன் லைவ்ஸ்’ தனித்து நிற்கிறது. சமூகச் சீரமைப்புத் துறையொன்றில் பணியாற்றும் சுமித்ராவே அதன் கதைசொல்லி. வளர்ச்சித் திட்டத்திற்கு வேண்டப்படும் நிலத்தை விட்டு அசையாத முதியவளாகிய செல்லம்மாவை வெளியேறச் செய்வதே அவருக்கு இடப்பட்ட பணி. செல்லம்மாவின் கதையைக் கேட்கக் கேட்கச் சுமித்ராவின் நோக்கே மாறிப்போகிறது.

இந்நாவலைப் பெரும்பாலும் நிலம், வேர், அடையாளம் ஆகிய கோணங்களில் வாசிப்பர். நாம் இதை உதவியின் அறம் பற்றிய நாவலாகவும் வாசிக்கலாம். நலம் செய்யும் கையும் வெளியேற்றும் கையும் ஒன்றாக இருக்கக்கூடும் என்பது அதன் கூர்மையான காட்சி. உதவ வந்தவரிடம் முடிவு முன்பே எழுதப்பட்டிருந்தால், அவருடைய பரிவும் ஒரு கருவியாகிவிடும். சுமித்ரா உண்மையில் உதவத் தொடங்குவது, தாம் கொண்டுவந்த முடிவை ஒதுக்கிவைத்துச் செவிமடுக்கத் தொடங்கும்போதுதான். தத்தாவின் நூலில் மறைந்துபோன துணைநின்றோர்க்கு இந்நாவல் உருவம் தருகிறது. அத்துடன் அவரை ஐயுறவும் கற்றுத்தருகிறது. இவ்வையம் இன்றைய தொண்டூழியத்திற்கும் பொருந்தும்.

சமரசமும் பாதுகாப்பும்

நம் சமூகத்தில் நெருக்கடியுற்ற பெண்ணுக்கு உதவ வருவோர் பலர் முன்பே எழுதிவைத்துள்ள முடிவு சமரசம் என்பதாகும். தோட்டத்துப் பெரியவர்களும் கோயில் நிருவாகத்தாரும் இருவரையும் அமர்த்திப் பேசி, கணவனைக் கண்டித்து, மனைவியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பும் முறை நெடுநாளையது. அதற்குச் சட்ட ஏற்பும் உண்டு. 1976ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், இருவரும் இசைந்து கோரும் மணவிலக்கு முதலிய சில விலக்குகள் நீங்கலாக, வழக்குக்கு முன் சமரசக் குழுவை நாடவேண்டும் என்கிறது. சமயம், சமூகம், சங்கம் ஆகியவை அமைக்கும் குழுக்களையும் அது சமரசக் குழுவாக ஏற்கிறது.

பாதுகாப்பு என்னும் கருத்து சட்டத்தில் இடம்பெற அதன்பின் 14 ஆண்டுகள் ஆயின. அதனைக் கொண்டுவந்ததில் தொண்டூழிய அமைப்புகளின் பங்கு பெரிது. டபிள்யூ.ஏ.ஓ. என அறியப்படும் மகளிர் உதவி அமைப்பு 1982இல் சிலாங்கூரில் அடைக்கல இல்லம் தொடங்கியது. 1985இல் பினாங்கில் பெண்கள் நெருக்கடி மையம் தோன்றியது. தோட்டப் பெண் தொழிலாளர்களிடையே உழைத்த ஐரின் பெர்னாண்டஸ் 1991இல் தெனாகனித்தாவை நிறுவினார். மகளிர் அமைப்புகள் பல்லாண்டுகள் கூட்டாக வலியுறுத்தியதன் பயனாகக் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி 1996இல் நடப்புக்கு வந்தது.

இச்சட்டத்தில் தோட்டப் பின்னணியுள்ள பெண்களுக்கு இன்றியமையாத ஒரு கூறு உண்டு. 1982க்குப் பின் முஸ்லிம் அல்லாதார் திருமணம் பதிவு செய்யப்படவேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்ட பெண், மனைவிக்குரிய உரிமையே தனக்கில்லை என்று அஞ்சி வாளாவிருப்பாள். ஆனால் குடும்ப வன்முறைச் சட்டம், பதிவு பெறாத சமய, வழக்காற்றுச் சடங்கின்வழி இணைந்தவரையும் துணைவர் என்னும் வரையறைக்குள் சேர்த்துக்கொள்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மனவதையையும் வன்முறையாக்கியது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சமூகநல அதிகாரி 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு வழங்கலாம். இவற்றை அறிந்த ஒரு தொண்டூழியர், அறியாத பத்துப் பெரியவர்களைவிடப் பயன்படுவார்.

சமரசத்தை முற்றாக மறுப்பது நம் நோக்கமன்று. இரு தரப்பும் அச்சமின்றிப் பேசக்கூடிய பூசலில் அதற்கு இடமுண்டு. ஒருவர் மற்றவர்க்கு அஞ்சி நடுங்கும் வீட்டில் ஒரே பாயில் அமர்த்திப் பேசுவது, அஞ்சுபவளின் வாயைக் கட்டுவதாகும். வீடு திரும்பியபின் அவள் பேசியதற்கும் சேர்த்து அடி விழலாம். ஆகவே பாதுகாப்பை உறுதிசெய்த பின்னரே சமரசம் பற்றி எண்ணவேண்டும் என்னும் வரிசைமுறை வேண்டும். யார் அமர்ந்து தீர்ப்புச் சொல்கிறார் என்பதும் முதன்மையானது. தமிழகத்தின் புதுக்கோட்டையில் தாவூத் ஷரிபா கானம் முன்னின்று உருவாக்கிய தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாத், ஆண்கள் மட்டும் அமர்ந்த அவைக்கு மாற்றாகப் பெண்களே கூடி முறையீடு கேட்கும் அவையாயிற்று. நம் கோயில் மண்டபங்களிலும் இது எண்ணிப்பார்க்கத்தக்கது.

வட சிலாங்கூரின் இன்றைய நிலை

தோட்டத் துண்டாடலும், ரப்பர் செம்பனையாக மாறியதும், நிலம் வீடமைப்புக்கும் நகரியங்களுக்கும் சென்றதும் வட சிலாங்கூரின் முகத்தை மாற்றிவிட்டன. தோட்ட வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை போனால் வீடும் போகும். மேரி, மின்யாக், சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீட்டிற்காகப் பல்லாண்டுகள் போராடியதை நாம் அறிவோம். தனக்கென ஒரு கூரை இல்லாத பெண்ணுக்குக் கணவனை விட்டு விலகுதல் என்பது தெருவுக்கு வருதலே ஆகும்.

லயத்து வீடுகளின் மெல்லிய பலகைச் சுவர், ஒரு வீட்டின் அலறலை அடுத்த வீட்டிற்குக் கொண்டுசென்றது. ஆயாக் கொட்டகையில் பிள்ளையின் முகம் பார்த்தே வீட்டு நிலையை ஆயா அறிந்தார். இவை பெண்ணின் அந்தரங்கத்தைக் காக்கவில்லை. எனினும் அவளைத் தனியளாக விடவுமில்லை. ரவாங்குக்கும் செரண்டாவுக்கும் இடைப்பட்ட சுங்கை சோ போன்ற ஊர்களைச் சூழ எழுந்த வீடமைப்புப் பகுதிகளில் செங்கற்சுவர் ஓசையைத் தடுக்கிறது. அடைக்கல இல்லங்களோ பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் நகர்ப்புறங்களில் உள்ளன. பேருந்து அரிதான ஊரிலிருந்து பிள்ளைகளுடன் அங்குச் சென்று சேர்வதே முதல் தடை. ஒரு வண்டி, ஒரு தொலைபேசி, காவல் நிலையத்தில் மலாய்மொழியில் எடுத்துரைக்கத் துணையாக ஒருவர் என்பனவே உள்ளூர்த் தொண்டூழியத்திடம் அப்பெண் எதிர்பார்ப்பன.

இங்குத் தமிழ்ப்பள்ளியின் இடம் தனித்தன்மை உடையது. லயம் கலைந்து ஆயாக் கொட்டகை மறைந்தபின், வீட்டுக்கு வெளியே பிள்ளையின் முகத்தை நாள்தோறும் பார்ப்பவர் ஆசிரியரே. வீட்டுப்பாடம் செய்யாத மாணவனின் பின்னால் உறங்காத ஓர் இரவு இருக்கலாம். தாயைத் தனியே அழைத்துப் பேசவும், எங்குச் செல்லலாம் எனச் சொல்லவும் ஆசிரியருக்கு இயலும். தந்தையை அழைத்துக் கண்டிக்க முற்படுவது மட்டும் தவிர்க்கப்பட வேண்டும். அதனால் வரும் தீங்கு தாயின்மீதும் பிள்ளையின்மீதுமே விழும்.

முடிவுரை

தத்தாவின் நூல் தோட்டப் பெண்ணுக்குச் செயலை மீட்டுத்தந்தது. மணியத்தின் நாவல் உதவுபவரின் மனச்சான்றைச் சோதித்தது. இவ்விரண்டுக்கும் இடையே, பெயரின்றித் துணைநின்ற தோட்டப் பெண்களின் வரலாறு எழுதப்படாமல் உள்ளது. அவர்களுள் பலர் இன்று முதுமையில் இருக்கின்றனர். அவர்தம் நினைவுகளைத் திரட்டும் பணியை நம் இந்திய ஆய்வியல் துறை மாணவர்கள் மேற்கொள்ளலாம். அவ்வாறு திரட்டும்போது, அடைக்கலம் பெற்ற பெண்ணின் பெயரும் ஊரும் வெளிப்படாமல் காப்பது ஆய்வு நெறியின் முதற்கடமையாகும். இனி ஒரு தோட்டக் கதையைத் திறனாயும்போதும், அப்பெண் பட்ட துன்பத்தோடு நில்லாது, அவளுக்கு யார் துணைநின்றார், அத்துணை அவளைப் பாதுகாத்ததா, திருப்பி அனுப்பியதா என்பதையும் நாம் கேட்டல் வேண்டும்.